அட்டை வைத்த கட்டை

என் தம்பி மகள் போன தை மாதம் தஞ்சாவூரில் பாடினாள். சோப்ரானோ என்று மேலைச் சங்கீதத்தில் சொல்கிற உச்சக் குரல் அவளுக்கு. சென்னையில் நாலு வருஷம், கடல் தாண்டி ரெண்டு வருஷம் படித்துத் தேறிய குரல். பியானோ வாசிக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் வர முடியாது என்று சொல்லிவிட, வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் திண்ணையைத் தேய்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவைப் பிடித்துப் போட்டாள். வாட்ஸப்பில் அழைப்பிதழ் வந்தது. ‘காவிரிக் கரையில் முதன்முறையாக, தமிழ்க் கவிதைக்கு சோப்ரானோவும் பியானோவும்’ என்று பொன்னெழுத்து. பின்னால் பெரிய கோயில் விமானம். அதன்மேல் சாய்த்து வைத்தாற்போல ஒரு கிராண்டு பியானோ.

முதன்முறை என்ற சொல்லைத் தஞ்சாவூரில் கொஞ்சம் பார்த்துத்தான் போட வேண்டும். 1798-இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சரபோஜிக்குப் பாடம் சொன்னவர் ஷ்வார்ட்ஸ் பாதிரியார். அந்த ராஜா அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். அவர் வரவழைத்த மேலைச் சங்கீதக் குறிப்பேடுகள் சரஸ்வதி மகாலில் இன்னும் இருக்கின்றன. அவர் பட்டத்துக்கு வந்தபோது வியன்னாவில் ஷூபர்ட் ஒரு வயதுக் குழந்தை. கவிஞர்களின் கவிதையை எடுத்து ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்கும் பாட்டாக எழுதுவதில் பேர் பெற்று, அறுநூறுக்கு மேல் எழுதி, 1828-இல் சரபோஜிக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அதே காலத்தில் நம் திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் போட்டு நோட்டு சுரம் பண்ணிக்கொண்டிருந்தார். தரங்கம்பாடிக் கதை இன்னும் பழசு. 1706-இல் சீகன்பால்கு அங்கே கரையிறங்கியதைத் தொட்டு வந்தது, ஜெர்மன் மெட்டில் தமிழ் ஞானப்பாட்டு. எங்கள் வீட்டில் அது இட்லி மாதிரி. வெளியூர்ச் சரக்கு என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

ஆனால் இதையெல்லாம் தம்பி மகளிடம், எங்களுக்குப் பாப்பா, சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் சரபோஜி அல்ல. எங்கள் அத்தை.

1978, அதுவும் தை மாதம். அப்போது எனக்குப் பதினாலு வயது. மானம்புச்சாவடியில் எங்கள் வீடு. கூடத்தில் ஒரு நின்ற வாக்குப் பியானோ. யாரோ வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது ஏலம் விட்டதைத் தாத்தா எடுத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, வெண்ணாற்றுப் பாலத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நாலு பேர் தோள் கொடுத்து வந்து சேர்ந்ததாகக் கதை. அதன் கால்கள் நாலும் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களில் நிற்கும், எறும்பு ஏறாதிருக்க. உள்ளே 25 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும், கம்பிகளில் ஈரம் ஏறாதிருக்க. ஐப்பசி கார்த்திகையில் கரண்டு போனால் பியானோவுக்குச் சளி பிடித்துவிடும். அத்தை விளக்கை எடுத்துக்கொண்டு பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

அடுத்த எதிரி எலி. எங்களுக்கு ஒன்றரை வேலி நிலம். சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் கூடத்துச் சுவரோரம் அடுக்கப்படும். மூட்டைக்கு வந்த எலி, நெல்லைத் தின்றுவிட்டுப் பியானோவுக்குள் போய்ப் படுக்கும். சுத்தியலில் ஒட்டியிருக்கிற கம்பளியைப் பிய்த்து மெத்தை போட்டுக் குட்டி போடும். ஒரு வருஷம் மேல்ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் உமி கொட்டியது.

இடது கைப் பக்கம் கீழே ஒரு ‘சி’ கட்டை. தமிழ் ஆர்மோனியக் கணக்கில் ஒரு கட்டை. அந்தக் கம்பி மட்டும் என்ன செய்தாலும் தேன்கூட்டைக் கலைத்தாற்போல ரீங்கரித்தது. தாத்தா ஒருநாள் தினசரிக் காலண்டரின் பழைய அட்டையில் ஒரு துண்டு கத்தரித்துக் கம்பிக்கு அடியில் செருகிவிட்டார். ரீங்காரம் நின்றது. கூடவே சுரமும் நின்றது. அழுத்தினால் ‘தொம்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சென்னையிலிருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுருதி கூட்டுகிறவர் வருவார். அட்டையை விரல் நுனியில் பிடித்து, செத்த பல்லியை எடுப்பதுபோல எடுத்து வெளியே எறிவார். அவர் பஸ் ஏறியதும் ரீங்காரம் திரும்ப வரும். தாத்தா அடுத்த காலண்டரைத் தேடுவார்.

அத்தை அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கோயில் கொயரில் அவள் குரல்தான் மேலே நிற்கும். எங்கள் சபையில் ஆலயத்தைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும் சொல்லித்தான் பழக்கம், வெளியாட்கள் குழம்பட்டும். திருச்சியில் ஒரு கல்லூரி ஆசிரியர், மேலைச் சங்கீதம் படித்தவர், பாரதி பாட்டு மூன்றுக்கும் குறுந்தொகைப் பாட்டு ஒன்றுக்கும் பியானோவோடு இசை எழுதி வைத்திருந்தார். பாட ஆள் இல்லாமல் அலைந்து அத்தையைக் கண்டுபிடித்தார். பியானோவைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போக முடியாது. அதனால் மண்டபம் எங்கள் கூடத்துக்கு வந்தது.

இந்த வகைப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நம் கச்சேரியில் பாடுகிறவர் போகிற வழியில் பக்கவாத்தியம் போகும். நடுவில் ஒரு சங்கதி புதிதாக விழுந்தால் வயலின்காரர் தலையை ஆட்டி அதைப் பிடிப்பார். இங்கே அது கிடையாது. பியானோக்காரனுக்கும் ஒவ்வொரு சுரமும் எழுதியிருக்கிறது. குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வழியில்லை. கவிதையில் மழை பெய்தால் மழை பியானோவில் பெய்ய வேண்டும். விருத்தம் பாடுகிறவர் ஒரே வரியை நாலு தினுசாகச் சொல்லிப் பார்த்து, எது ருசிக்கிறதோ அதில் நின்றுகொள்வார். இசை எழுதுகிறவர் அந்த நாலில் மூன்றை வீட்டிலேயே அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் மையில் எழுதிக் கொடுத்துவிடுகிறார். இதில் தமிழுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும். மலை மாலையாகும், படம் பாடமாகும், கல்லில் இடறினவன் காலில் இடறுவான். ஞானப்பாட்டுகளில் ஜெர்மன் மெட்டுக்காக இந்த விபத்து ஞாயிறுதோறும் நடக்கும், ஆண்டவர் பழகிவிட்டார். கவிதையில் நடந்தால் தமிழாசிரியர்கள் விடமாட்டார்கள். போதாக்குறைக்கு, சோப்ரானோ உச்சிக்குப் போகப் போக வாயைத் திறந்தாக வேண்டும். இகரம் உகரம் எல்லாம் கரைந்து ஆகாரமாகிவிடும். அது பாடுகிறவளின் தப்பல்ல. அந்த உயரத்தில் எந்த மொழிக்கும் அதே கதிதான்.

கூடம் நிறைந்துவிட்டது. சபையார், எதிர்வீட்டு மிராசுதார், அடுத்த தெருவில் இருந்த நாயனக்காரர் ஒருவர், திண்ணையில் தெருப் பையன்கள். சுவரைச் சுற்றி நெல் மூட்டைகள். சத்தத்தையெல்லாம் மூட்டைகள் குடித்துவிட்டன, எதிரொலி என்று ஒன்று இல்லவே இல்லை. அத்தை மைக் இல்லாமல் பாடினாள். தெருக்கோடி வரை கேட்டது. ஆசிரியர் வாசிக்க, நான் பக்கம் புரட்டினேன். குறுந்தொகைப் பாட்டு, செம்மண்ணில் மழைத் தண்ணீர் கலக்குமே, அது. மேலே ஏறிய இடத்தில் தெருவில் ஒரு நாய் சேர்ந்துகொண்டது. பையன்கள் சிரித்தார்கள். மிராசுதார் என் அப்பாவிடம் குனிந்து, “எந்த பாஷை?” என்று கேட்டார். தமிழ் என்றதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். செம்மண் அவருக்குப் பிடிபட்டது. முடிந்ததும், “செம்மண்ணுன்னா வல்லத்துப் பக்கம்ல? நம்மளுது வண்டல்” என்றார். இலக்கிய விமரிசனம் அதோடு முடிந்தது.

கீழ் ‘சி’யைத் தொடாமல் வாசிக்கும்படி ஆசிரியருக்கு முன்பே சொல்லியிருந்தோம். பாரதி பாட்டின் வேகத்தில் அவர் மறந்துபோனார். தொம், தொம், தொம். அத்தையின் முகம் செத்துப் போயிற்று.

காப்பி குடிக்கும்போது நாயனக்காரர் சொன்னதுதான் இத்தனை வருஷமாக என் காதில் இருக்கிறது. “குரல் தங்கமா இருக்கும்மா. ஆனா அந்தப் பெட்டியில ஒவ்வொரு சுரமும் தனித்தனியா நிக்குது, ஒண்ணோட ஒண்ணு பேச மாட்டேங்குது.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ஒரு கட்டை மட்டும் நல்லாப் பேசிச்சு. தவில்ல தொப்பிப் பக்கம் மாதிரி.”

அவர் முதலில் சொன்னதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. பிடிலும் பியானோவும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் நம் பக்கம் வந்தன. பிடிலைப் பாலுசாமி தீட்சிதரும் வடிவேலுவும் மடியில் சாய்த்து நம்முடையதாக்கிக்கொண்டார்கள். அதில் விரல் வழுக்கும், கமகம் பேசும். பியானோவில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே சுவர். அதனால் அது கூடத்துச் சாமானாகவே நின்றுவிட்டது.

உச்சக் குரல் மட்டும் நமக்கு அன்னியமா என்ன? மைக் வராத காலத்தில் நாடகக் கொட்டகையில் கிட்டப்பா பாடினால் கடைசி வரிசையில் தரை டிக்கெட்டுக்காரனுக்குக் கேட்டாக வேண்டும். எத்தனை கட்டையில் பாடுகிறார் என்று ஊர் பந்தயம் கட்டிய காலம். ஒலிபெருக்கி வந்தது, குரல்கள் இறங்கி வந்து மெத்தையில் உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான் அத்தையைப் பார்த்து, “ஏன் கத்துறாங்க?” என்று கேட்டார்கள். அவள் மறுபடி சபைக்கு வெளியே பாடவில்லை. திருச்சி ஆசிரியரும் அடுத்த பாட்டை எழுதியதாகத் தெரியவில்லை.

பியானோ இன்னும் பதினைந்து வருஷம் நின்றது. கடைசியில் கரையான் ஜெயித்தது. பழைய இரும்புக்காரர் வந்து உள்ளேயிருந்த வார்ப்பிரும்புச் சட்டத்தை மட்டும் எடை போட்டு எடுத்துக்கொண்டார். மர உடம்பு ஒரு தீபாவளிக்கு வெந்நீர் போட்டது.

இப்போது பாப்பாவின் கச்சேரிக்கு வருகிறேன். ஒத்திகைக்கு அவள் கொண்டுவந்த தாள்களில் பாரதி உண்டு, இன்றைய கவிகள் இருவர் உண்டு. நடுவில் ஒரு ஃபிரெஞ்சுக்காரர். “இதப் பாருங்க பெரியப்பா, தமிழ்ப் பாட்டு” என்றாள். மோரிஸ் டெலாஜ், ராவெல்லின் சீடர். 1912-இல் இந்தியாவுக்கு வந்து சுற்றியவர், பணக்கார வீட்டுப் பிள்ளை. அதே 1912-இல்தான் இங்கே தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தொடங்கி, சுருதி எத்தனை என்று நாட்டு வித்துவான்களையெல்லாம் கூட்டி வைத்துச் சண்டை போட ஆரம்பித்திருந்தார். டெலாஜுக்கு அந்தச் சண்டை வேண்டியிருக்கவில்லை. அவர் இசைத்தட்டுகளை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். அதில் ஒன்றில் கோயமுத்தூர் தாயி வள்ளலாரின் அருட்பாவை ராகமாலிகையாகப் பாடியிருந்தார். அந்தத் தட்டைப் பாரீஸில் போட்டுப் போட்டுக் கேட்டு, தாயியின் நெளிவு சுளிவையெல்லாம் ஒன்றுவிடாமல் ஐந்து கோட்டில் இறக்கி, கூடவே பியானோவும் எழுதிவிட்டார். பெயரும் ‘ராகமாலிகா’தான். அடியில் ‘தமிழ்ப் பாட்டு’ என்று ஃபிரெஞ்சில் ஒரு குறிப்பு. தாயி 1917-இல் காலமானார். வள்ளலாரின் வடலூர் எங்கள் ஊரிலிருந்து கொள்ளிடம் தாண்டினால் வந்துவிடும். அந்தப் பக்கத்துப் பாட்டு பாரீஸ் போய், கால்சட்டை போட்டுக்கொண்டு, என் மடியில் வந்து உட்கார்ந்திருந்தது.

பாப்பா அதைத் தாளில் உள்ளபடி பாடினாள். ஃபிரெஞ்சுக் காதில் விழுந்த தமிழ், ரோமன் எழுத்தில். சில இடத்தில் சொல் உடைந்து நின்றது. “ம்மா, இது இப்படி இல்லடா” என்று சொல்ல வாயெடுத்தேன். என்றைக்கோ ஒருநாள் தாயி போட்ட குழைவை அதே இடத்தில், அதே அளவு, மூச்சுக் கணக்கோடு திருப்பிப் பாட வேண்டும் என்பது அந்தத் தாளின் சட்டம். தாயியே மறுநாள் வேறு மாதிரிப் பாடியிருப்பார். பாப்பாவுக்கு அந்த உரிமை இல்லை.

பிறகு பியானோவுக்கான குறிப்பைக் காட்டினாள். கீழ்ஸ்தாயியில் ‘பி ஃப்ளாட்’ கம்பிக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகவும். சுரம் மழுங்கி, இந்திய மத்தளம்போல ஒலிக்க வேண்டும்.

நான் தாளை இரண்டு தடவை படித்தேன். “இது ரொம்ப முக்கியமான விஷயம் பெரியப்பா. ஜான் கேஜ் கம்பியில திருகாணி மாட்டினது 1940-ல. இவரு அதுக்கெல்லாம் முன்னாடி” என்றாள் பாப்பா. நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எறிந்த காலண்டர் அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்களுடையது பி ஃப்ளாட் இல்லை, ஒரு சுரம் தள்ளி. கதை பொருந்த வேண்டும் என்பதற்காக மாற்றிச் சொல்லக் கூடாது.

கச்சேரி ஒரு ஹோட்டலில். வரவேற்பறையில் பளபளவென்று ஒரு பழைய பியானோ நின்றது. எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கம்பியும் இல்லை, சட்டமும் இல்லை. வைஃபை பெட்டி பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. மேலே பூச்சாடி. மேடையில் எனக்குக் கொடுத்தது கத்தரிக் கால் ஸ்டாண்டில் மின்சாரக் கீபோர்டு. அதில் நானூறு வாத்தியத்தின் சத்தம் இருக்கிறது. பான்பைப் உண்டு, ஹெலிகாப்டர் உண்டு. அட்டை செருகக் கம்பி கிடையாது. சவுண்டு தம்பி, “சார், தபலா டோன் போட்டுக்கலாமா?” என்றார். வேண்டாம் தம்பி என்றேன்.

பாப்பாவுக்குக் காலர் மைக் மாட்டினார்கள். ஆறு வருஷம் அவள் படித்த படிப்பே மைக் இல்லாமல் ஒரு கூடத்தை நிரப்புவதுதான். “செட்டு வாடகை கொடுத்தாச்சும்மா” என்றார் ஏற்பாடு செய்தவர். பின்னால் எல்.ஈ.டி. திரையில் வயல் பச்சையாக அசைந்தது. வெளியே நிஜ வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் கேட்கக் கூடாது என்று கண்ணாடிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். சுவருக்குத் தேன்கூடுபோல நுரைப்பலகை, எதிரொலியைக் குடிக்கவாம். விலையைச் சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை நெல் மூட்டை என்று மனசு கணக்குப் போட்டது.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அத்தை. எண்பத்தாறு வயது. ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மறுகாது தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும்.

யாரும் சிரிக்கவில்லை. உச்சிக்குப் போன இடத்தில் ஃபோன்கள் உயர்ந்தன. எனக்குப் பின்னால் ஒருவர் பக்கத்துக்காரரிடம், “இட்டாலியனா?” என்று மரியாதையோடு கேட்டார்.

‘ராகமாலிகா’வின் நடுவில் கரண்டு போனது.

திரை இருண்டது, மைக் செத்தது, கீபோர்டு செத்தது. பாப்பா நிறுத்தவில்லை. அதுவரை பெட்டிகளின் வழியாக வந்துகொண்டிருந்த அவள் குரல், சட்டென்று அவள் இருந்த இடத்திலிருந்தே வந்தது. நுரைப்பலகையையும் மீறிக் கூடம் நிறைந்தது. கை பழக்கத்தில் நானும் நிறுத்தவில்லை. உயிரில்லாத பி ஃப்ளாட் கட்டையை என் விரல் தாளத்துக்கு அடித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கட்டை அடியில் முட்டுகிற சத்தம். தொம், தொம், தொம். சுரம் இல்லை, ரீங்காரம் இல்லை. சபையில் ஒருவர் ஃபோன் விளக்கைப் போட்டு அசைத்தார். பார்த்து எல்லோரும் அசைத்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஜெனரேட்டர் பிடிக்கப் பதினைந்து வினாடி ஆகியிருக்கலாம். பிடித்ததும் பி ஃப்ளாட் கோயில் மணிபோல முழுசாக ஒலித்து, நான் விரலை இழுத்துக்கொண்டேன்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. எழுந்து நின்று தட்டினார்கள். “அந்த லைட் ஆஃப் பண்ணி வெறும் தாளம் மட்டும் வச்சீங்களே சார், அது டாப்” என்று ஒரு இளைஞர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாப்பா மேடையிலிருந்து இறங்கி அத்தைப் பாட்டியின் காலருகே உட்கார்ந்தாள். நானும் குனிந்தேன். அத்தை என் வலது கை விரல்களைப் பிடித்து, ஏதோ அழுக்கைத் தேடுவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்தக் கட்டைடா அது?”

“பி ஃப்ளாட், அத்தை. ஆறரை.”

“நம்மளுது ஒண்ணு” என்றாள்.